நீலப் பட்டையில் நின்ற என் கார்

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். சைக்கிள் பாதையில் காரை நிறுத்திய புண்ணியவான்களில் நானும் ஒருவன். சில வருஷங்களுக்கு முன், தீபாவளிக்கு முந்தைய வாரம், கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருப் பக்கம். மனைவி துணிக்கடைக்குள் போயிருந்தார். சாலையோரம் நீலச் சாயம் பூசிய பட்டை காலியாகக் கிடந்தது. மினுக்கு விளக்கைத் தட்டிவிட்டு நின்றுவிட்டேன். அந்த விளக்கைப் போட்டுவிட்டால் எங்கே நிறுத்தினாலும் குற்றமில்லை என்பது கோலாலம்பூரில் எழுதாத சட்டம்.

பின்னாலிருந்து ஒரு சைக்கிள். ஓட்டியவனுக்கு இருபது வயது இருக்கும். ஹேண்டிலில் ஒரு பொட்டலம், காலில் ஜப்பான் சிலிப்பர். என் காரைச் சுற்றிப்போக வலப்பக்கம் வளைந்தான். அதே நேரம் பேருந்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு உரசுகிற மாதிரி போனது. அவனுக்கும் அதற்கும் நடுவே ஒரு முழம்கூட இருந்திருக்காது. காலை ஊன்றி நின்றான், பேருந்து போனதும் மிதித்துப் போய்விட்டான். என்னைத் திரும்பி ஒரு முறை முறைத்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

அந்த நீலப் பாதைகள் 2018 பிப்ரவரியில் இங்கே நடந்த உலக நகர்ப்புற மாநாட்டை ஒட்டிப் போடப்பட்டவை. அப்போது நாம் எல்லாரும் சிரித்தோம். பாதை மேல் கார் நிற்கும் படங்கள் வாட்சாப்பில் சுற்றின. “இந்த வெயிலுக்கு எவன் சைக்கிள் மிதிப்பான்?” என்று நானும் கேட்டேன்.

எவனா? சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவிவிட்டு நடுச்சாமத்தில் அறைக்குத் திரும்புகிறவன். கட்டட வேலைக்குப் போகிறவன். மோட்டார் சைக்கிள் வாங்கக் காசில்லாதவன், லைசென்ஸ் எடுக்க வழியில்லாதவன். செந்தூல் ரயில்வே பட்டறைக்கு வருஷக்கணக்கில் சைக்கிளில் போய்வந்த என் அப்பாவும்தான். வெயில் அவருக்கும் அடித்தது.

அப்புறம், “தனிப் பாதையெல்லாம் வெள்ளைக்காரன் ஊருக்குத்தான் சரி” என்கிறார்கள். கூட்டரசு நெடுஞ்சாலையில் தினமும் போகிறவர்கள் கொஞ்சம் இடப்பக்கம் பாருங்கள். மோட்டார் சைக்கிள்களுக்கென்று தனிப் பாதை 1970களிலேயே அங்கே வந்துவிட்டது. பின்னாளில் ஷா ஆலம் பக்கம் அதை நீட்டியபோது மோட்டார் விபத்துகள் 39 விழுக்காடு குறைந்ததாக ஆய்வும் வந்தது. அதை வீண் செலவு என்று எந்த மாமாக் சாப்பாட்டுக் கடையிலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை. சின்ன வண்டியைப் பெரிய வண்டியிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும் என்பது நமக்குத் தெரிந்த சங்கதிதான். சைக்கிள் என்றதும் மறந்துவிடுகிறோம்.

மெர்டேக்கா சதுக்கத்திலிருந்து மிட்வேலி வரைக்கும் 2015இல் திறந்த தனிப் பாதை இருக்கிறது. நல்ல முயற்சிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தட்டு கழுவுகிற தம்பியின் அறையும் கடையும் அதன் ஓரத்திலா இருக்கின்றன? ஞாயிறு காலையில் நகரச் சாலைகளைக் கார்களுக்கு மூடிவைக்கும் இரண்டு மணி நேரத்துக்குக் குடும்பத்தோடு வந்து மிதிப்பதும் சந்தோஷம்தான். அவனுக்கு வேண்டியது திங்கள்கிழமை.

நான் கேட்பது பெரிய திட்டமே இல்லை. சாயத்துக்குப் பதில் முழங்கால் உயரக் கட்டை. சாயத்துக்கு எந்தக் காரும் பயப்படாது. கட்டைக்குப் பயப்படும், பம்பர் விலை எல்லாருக்கும் தெரியும். அப்புறம் சாலையோரக் கால்வாய் மேல் போடும் இரும்புச் சட்டம். அதன் கம்பிகள் சாலை போகும் திசையிலேயே நீளவாக்கில் இருந்தால் சைக்கிள் டயர் நேராக உள்ளே இறங்கிவிடும். அப்பாவின் முன்பல் ஒன்று அப்படித்தான் போனது. சட்டத்தைக் குறுக்காகத் திருப்பிப் போட எத்தனை வெள்ளி செலவாகிவிடும்?

இப்போதெல்லாம் மஸ்ஜித் இந்தியா போனால் காசு கட்டும் இடத்தில் காரை விட்டுவிட்டு நடக்கிறோம். போன முறை மனைவி இரண்டு கையிலும் பையோடு, “இந்த வெயில்ல என்னை நடக்க வெச்சிட்டீங்களே” என்றார். பைகளை வாங்கிக்கொண்டேன்.