ஹோமில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

முதியோர் இல்லம் பற்றி யார் எழுதினாலும் கீழே ஒரு கருத்து தவறாமல் வரும். "பெத்த தாயைக் கொண்டுபோய்த் தள்ளிட்டானே, இவனெல்லாம் நல்லா இருப்பானா?" இந்தச் சாபத்தின் மேல் எனக்குக் கடும் கோபம் உண்டு. பக்கவாதத்தில் படுத்துவிட்ட ஒருவரைப் புரட்டிப் படுக்க வைக்க, மலஜலம் சுத்தம் செய்ய, மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி கொடுக்க, ராத்திரி பகலாக ஆள் வேண்டும். எல்லா வீட்டிலும் அது முடியாது. முடியாதவர்கள் பணம் கட்டி ஹோமில் சேர்க்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் ஊர் வாய்க்குப் பயந்து சேர்த்ததையே மறைக்கிறார்கள். "அம்மா அக்கா வீட்ல இருக்காங்க" என்று சொல்லி வைக்கிறார்கள். அதனால் சித்தியோ மாமாவோ பழைய பக்கத்து வீட்டுக்காரரோ எட்டிப் பார்ப்பதில்லை. எப்போதாவது மகனோ மகளோ வந்து, குற்ற உணர்ச்சியோடு அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, பழப்பையைக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். ஏதாவது தப்பாகத் தெரிந்தாலும் கேட்கத் தயங்குகிறார்கள். "அப்ப நீங்களே வீட்ல வச்சுப் பாத்துக்கங்க" என்று மேனேஜர் சொல்லிவிட்டால் எங்கே போவது? நாம் போனபிறகு கோபத்தை அம்மா மேல் காட்டினால்? வயதானவர்களை அடிக்கிற, கட்டிப் போடுகிற, பட்டினி போடுகிற இல்லங்கள் இந்தத் தயக்கத்தின் மேல்தான் நிம்மதியாக நடக்கின்றன.

விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரை நினைத்துப் பாருங்கள். 2023 பிப்ரவரியில் அங்கே இருந்த அன்பு ஜோதி ஆசிரமத்தின் கதை வெளியே வந்தது. ஆதரவற்றவர்களையும் மனநலம் பாதித்தவர்களையும் முதியவர்களையும் உரிமம் இல்லாமல் அங்கே வைத்திருந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். அடித்ததாக, கட்டிப் போட்டதாக, பாலியல் வன்கொடுமை செய்ததாகப் புகார்கள் வந்து, வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. இது எப்படி வெளிவந்தது? எந்த அதிகாரியின் சோதனையிலும் இல்லை. அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரை அவருடைய உறவினர் விடாமல் தேடினார். ஆளைக் காட்டுங்கள் என்று உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடும் வரை போனார்கள். ஒருவரைத் தேடி ஆள் வந்ததால்தான் மற்றவர்களுக்கும் கதவு திறந்தது.

அதனால், பார்க்கப் போகிறவர்கள் சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வராதீர்கள். சொல்லாமல் போங்கள். ஞாயிறு பதினோரு மணிக்கு எல்லா ஹோமும் ஃபினாயில் வாசனையோடு பளிச்சென்றுதான் இருக்கும். வாரநாளில், இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். தட்டில் என்ன இருக்கிறது, ஊட்டி விடுகிறார்களா, எட்டாத தூரத்தில் வைத்துவிட்டு அப்படியே எடுத்துப் போகிறார்களா என்று பாருங்கள்.

அப்புறம் உடம்பைப் பாருங்கள். கூச்சம் வேண்டாம். உடம்பு துடைத்து விடுகிறேன், எண்ணெய் தேய்த்து விடுகிறேன் என்று சொல்லுங்கள். மேல்கையில் விரல் பதிந்த மாதிரி கன்றிப் போயிருக்கிறதா? முதுகின் அடியில், இடுப்பெலும்பு ஓரத்தில், குதிகாலில் புண் இருக்கிறதா? படுக்கையிலேயே இருப்பவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். மிகவும் நலிந்தவர்களுக்கு நல்ல கவனிப்பிலும் படுக்கைப்புண் வரலாம், மறுக்கவில்லை. அப்படி வந்தால் ஒழுங்கான இடத்தில் உடனே வீட்டுக்குச் சொல்லி, கட்டுப் போட்டு, டாக்டரைக் காட்டியிருப்பார்கள். நாம் போர்வையை விலக்கித்தான் கண்டுபிடித்தோம் என்றால் சந்தேகப்பட வேண்டும். அதேபோல வயதான தோல் மெல்லியது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சின்ன இடிபாட்டிலேயே கன்றிவிடும். ஒரு காயத்தை வைத்து யாரையும் குற்றவாளி ஆக்க வேண்டாம். கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்களா, காயம் திரும்பத் திரும்ப வருகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

என் பெரியம்மாவுக்கு மறதி நோய். நகருக்கு வெளியே ஒரு தனியார் ஹோமில் இருந்தார். ஒரு நாள் மாலை போனபோது கை நகம் வெட்டிவிடலாம் என்று கையை எடுத்தேன். மணிக்கட்டைச் சுற்றி, வளையல் கிடக்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, கறுத்த கோடு. இரண்டு கையிலும். கட்டில் கம்பியில் பழைய துப்பட்டா ஒன்று முடிச்சோடு தொங்கியது. "இது என்ன பெரியம்மா?" என்றேன். பதில் சொல்லவில்லை. வேலை செய்யும் பெண் தண்ணீர் கொண்டு உள்ளே வந்ததும் இரண்டு கையையும் சடாரென்று போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். எங்கள் பெயரையெல்லாம் மறந்தவருக்கு அந்தப் பெண்ணிடம் எதை மறைக்க வேண்டும் என்பது மறக்கவில்லை.

"ராத்திரில எழுந்து நடந்து விழுந்துடறாங்கக்கா, அவங்க நல்லதுக்குத்தான் கட்டுறோம்" என்றாள் அந்தப் பெண். அவள் பொய் சொல்லவில்லை. அந்த மாடி முழுவதற்கும் ராத்திரியில் அவள் ஒருத்திதான். கட்டாமல் சமாளிக்க அவளால் முடியாது. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநல மருத்துவமனையிலேயே கூட, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் ஒப்புதலோடுதான் ஒருவரைக் கட்டலாம். ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டிக் கட்டவே கூடாது. சிகிச்சை நடக்கிற இடத்துக்கே இந்த விதி என்றால், மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு முதியவரைப் பார்த்துக்கொள்கிற ஹோம் துப்பட்டாவால் கட்டுவதை நல்லது என்று எப்படி ஏற்றுக்கொள்வது?

பராமரிப்பு இல்லங்களில் வேலை செய்கிறவர்களில் மூன்றில் இரண்டு பேர், கடந்த ஓராண்டில் முதியவர்களை ஏதோ ஒரு விதத்தில் துன்புறுத்தியதாகத் தாங்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அத்தனை பேரும் கொடியவர்களாக இருக்க முடியாது. பயிற்சி இல்லாமல், பன்னிரண்டு மணி நேர வேலையில், மொழி தெரியாத ஊரில் வந்து நிற்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்த ஒரு பெண்ணை வேலையை விட்டு அனுப்பிவிட்டு "நடவடிக்கை எடுத்துட்டோம் சார்" என்று சொல்லும் நிர்வாகத்தை நம்பாதீர்கள். ராத்திரிக்கு எத்தனை ஆள் என்று கேளுங்கள்.

கட்டுவது கண்ணுக்காவது தெரியும். மருந்து தெரியாது. எப்போது போனாலும் தூக்கம், நாக்கு குழறல், வாயோரம் எச்சில் என்றால் மருந்துச் சீட்டை வாங்கிப் பாருங்கள். தூக்க மாத்திரை யார் எழுதியது, எந்தத் தேதியில்? சீட்டு இல்லை என்றால் விஷயம் பெரியது. பென்ஷன் கணக்கு, ஏடிஎம் கார்டு, எங்கே கைநாட்டு வாங்கினார்கள் என்பதையும் பாருங்கள். பேசவே யாரும் விரும்பாத இன்னொன்று: பாலியல் கொடுமை எண்பது வயதிலும் நடக்கிறது. உள்ளாடையில் ரத்தம், தொடையில் காயம், குளிப்பாட்டும்போது அலறல் இருந்தால் குளிப்பாட்டாமல், துணி மாற்றாமல் நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

பெரியவரிடம் தனியாகப் பேசுங்கள். பணியாளர் நகரவே மாட்டேன் என்று நின்றால் அதுவே ஒரு அறிகுறி. "உன்னை அடிக்கிறாங்களா?" என்று நேராகக் கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றுதான் வரும். "ராத்திரி பாத்ரூம் போகணும்னா யாரைக் கூப்பிடுவே, வருவாங்களா, என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். மறதி நோய்க்காரர் சொல்வதை உளறல் என்று தள்ளாதீர்கள். தேதி தப்பாக இருக்கலாம், பயம் தப்பாக இருக்காது.

சந்தேகம் உறுதியாகத் தெரிந்தால் முதலில் மேனேஜரிடம் போய்ச் சத்தம் போடாதீர்கள். படம் எடுங்கள், நாள், நேரம் எழுதி வையுங்கள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். அவசரம் என்றால் 108. காயம் எப்படி வந்தது என்று டாக்டரிடம் சொல்லி ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் பதியச் சொல்லுங்கள். அந்த ஏஆர் காப்பிதான் பின்னால் பேசும். காவல் நிலையத்தில் புகாரை எழுத்தில் கொடுங்கள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீதையாவது வாங்காமல் வராதீர்கள். மாவட்ட சமூக நல அலுவலருக்கு ஒரு பிரதி, திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டருக்கு ஒரு பிரதி. யாரை அணுகுவது என்று புரியவில்லை என்றால் முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. ஆபத்து இருக்கிற இடத்தில் ஒரு ராத்திரி கூட விட்டு வைக்காதீர்கள். முதலில் ஆளை வெளியே கொண்டுவாருங்கள், கட்டிய அட்வான்ஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் வாங்கித் தருவதுதான் அதன் முக்கிய வேலை. தனியார் இல்லங்களைப் பதிவு செய்து, குறைந்தபட்சத் தரத்தைக் கட்டாயமாக்கும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் வைக்கப்பட்டது, சட்டமாகவே இல்லை. அது மறுபடி வர வேண்டும், ராத்திரி எத்தனை படுக்கைக்கு ஒரு ஆள் என்கிற கணக்கோடு வர வேண்டும். ஓட்டுக் கேட்டு வீட்டுக்கு வருகிறவர்களிடம் இதைக் கேளுங்கள்.

பெரியம்மாவை நாங்கள் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டோம். அந்த மாடியில் மற்ற கட்டில்களில் இருந்தவர்களை, நான் போன நாட்களில் யாரும் வந்து பார்த்ததில்லை. அதனால் புகாரில் பெரியம்மாவின் பெயரோடு நிறுத்தவில்லை; அந்த மாடி முழுவதையும் சோதித்துப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். நீங்களும் அப்படிக் கொடுக்கலாம். 14567க்குக் கூப்பிடவோ காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுக்கவோ ரத்த உறவாக இருக்க வேண்டியதில்லை.