பழைய ஆன்டெனாவைத் தூக்கிப் போடாதீர்கள்

"ஒளிபரப்பு டிஜிட்டலுக்கு மாறிவிட்டது, பழைய ஆன்டெனா இனி குப்பைதான், 500 கி.மீ. இழுக்கும் 4கே டிஜிட்டல் ஆன்டெனா வாங்குங்கள்" என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பழைய ஆன்டெனா குப்பை என்பதும் தவறு, 500 கி.மீ. என்பதும் தவறு.

மாடியில் நிற்கும் அந்த அலுமினியக் குழாய்களுக்கு டிஜிட்டலும் தெரியாது, அனலாகும் தெரியாது. அலைக்கு ஏற்ற நீளம் இருந்தால் பிடிக்கும், அவ்வளவுதான். 600 மெகாஹெர்ட்ஸ் யுஎச்எஃப் (டிவியின் உயர் அதிர்வெண் வரிசை) அலையின் நீளம் 50 செ.மீ.; அதில் பாதி, சுமார் 25 செ.மீ. கம்பி போதும். 200 மெகாஹெர்ட்ஸ் விஎச்எஃப் (அதைவிடக் குறைந்த அதிர்வெண் வரிசை) என்றால் சுமார் 75 செ.மீ. வேண்டும். உள்ளங்கை அளவுத் தகடு ஆன்டெனா இந்த விஎச்எஃப்பில்தான் திணறும். உங்களுடையது வெறும் விஎச்எஃப் ஆன்டெனா, சானல்களோ யுஎச்எஃப்புக்குப் போய்விட்டன என்றால் மட்டும் மாற்றுங்கள். டிஜிட்டல் சிக்னலைப் படமாக்குவது டிவிக்குள் இருக்கும் டிஜிட்டல் ட்யூனரின் வேலை. அது இல்லாத டிவிக்குத் தேவை, ஆன்டெனா சிக்னலை எடுக்கும் டிஜிட்டல் செட்டாப் பாக்ஸ்.

சரி, அந்த 500 கி.மீ.? பூமி உருண்டை ஐயா! 300 மீட்டர் ஒளிபரப்புக் கோபுரத்திலிருந்து கிளம்பும் அலை, 10 மீட்டர் உயர ஆன்டெனாவுக்கு ஏறக்குறைய 85 கி.மீ. வரைதான் நேராக எட்டும். வானிலை புண்ணியத்தில் எப்போதாவது அதற்கு மேலும் வரும். சிக்னலைப் பெருக்கும் கருவியான பூஸ்டரோ, சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும்.

அப்புறம், பணத்தை எடுக்கும் முன் கேபிள் முனையைக் கழற்றிப் பாருங்கள். செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தால், நறுக்கிவிட்டுப் புது கனெக்டர் போட்டு, ஆன்டெனாவைக் கோபுரப் பக்கம் திருப்பி, மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.