டாக்டர் கையை விரிக்கவில்லை, பாஸ்டர்

"டாக்டருங்க கைய விரிச்சுட்டாங்க. கர்த்தர் தொட்டாரு!"

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டு மொட்டைமாடியில் ஸ்தோத்திரக் கூட்டம், அத்தான் பிழைத்ததற்குக் கர்த்தருக்கு நன்றி சொல்ல. மைக்கைப் பிடித்து ஒரு பாஸ்டர் சொன்ன வார்த்தை இது. அறுபது பேர் அல்லேலூயா போட்டார்கள். அக்கா அழுதாள். அத்தான் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கினார். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உடம்பெல்லாம் நடுங்கியது. ஏனென்றால் அது பச்சைப் பொய். அந்த ராத்திரி அங்கே நின்றவன் நான்.

யாரும் கையை விரிக்கவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அத்தானை 108 வண்டியில் ஏற்றி ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு, அதுதான் திருநெல்வேலி அரசு ஆஸ்பத்திரிக்கு, கொண்டுபோனோம். போன கையோடு ஈசிஜி எடுத்தார்கள். இதயத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாயில் அடைப்பு என்றார்கள். தூக்கத்திலிருந்து எழுந்து ஓடிவந்த ஒரு டாக்டரம்மா, முப்பத்தைந்து வயசுகூட இருக்காது, மணிக்கட்டு வழியாகக் கம்பியை விட்டு, அடைப்பைத் திறந்து, குழாய் மறுபடி மூடாமல் தாங்கும் சின்ன வலைக்குழாயான ஸ்டென்ட்டை வைத்தார். காசு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் போனது. விடியும்போது அத்தான் காபி கேட்டார். அந்த அம்மா வெளியே வந்து எங்களிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "ஒரு வருஷத்துக்கு இந்த ரெண்டு மாத்திரையையும் ஒரு நாள்கூட விடக்கூடாது. விட்டா ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைஞ்சுடும்."

அந்த அம்மா பெயர் கூட்டத்தில் ஒரு தடவைகூட வரவில்லை. 108 டிரைவர் பெயர் வரவில்லை. ராத்திரி முழுக்கக் கண் இமைக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் பெயர் வரவில்லை. பெயரை விடுங்கள், அவர்கள் தோற்றுப்போனார்கள் என்றல்லவா பாஸ்டர் சாட்சி சொன்னார்! பிழைக்க வைத்தவர்களைத் தோற்றவர்கள் ஆக்கினால்தான் அற்புதம் நிற்கும் என்றால், அது என்ன அற்புதம்?

நான் முழங்கால் போட்டு வளர்ந்தவன். எங்கள் தாத்தா சபையில் உபதேசியார். சபைப் பாட்டுப் புத்தகமான பாமாலை எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். விசுவாசத்தைச் சபை முன்னால் உறுதிசெய்யும் திடப்படுத்தல் எடுத்தேன், ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தினேன். முப்பது வயசுக்கு மேல்தான் கடவுள் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லும் தைரியம் வந்தது. அதனால் வெளியே நின்று கல் எறிகிறவன் என்று என்னைச் சொல்லாதீர்கள். "மத்த மதத்தைப் பத்தி ஏன் பேசலை?" என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்: நான் பிறந்த வீட்டைப் பற்றி நான் பேசுகிறேன். இதைப் படித்துவிட்டுக் குஷியாகி, ஜெப வீடுகளைப் போய் உடைக்கலாம் என்று நினைக்கிற கும்பல் யாரும் எனக்குக் கூட்டாளி இல்லை. ஒருவர் தன் சாமியைக் கும்பிடும் உரிமைக்காக நானும் தெருவுக்கு வருவேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா அந்த ராத்திரி முழங்கால் போட்டு அழுதபோது, அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டது நான்தான். அவளுக்கு அது தேவைப்பட்டது. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

என் வயிறு எரிவது வேறு கணக்குக்கு. சுகமானால் கர்த்தருக்கு மகிமை, செத்துப்போனால் செத்தவருக்கு விசுவாசம் பத்தவில்லை. இந்தக் கணக்கை நான் எங்கள் சித்தி சாவில் பார்த்துவிட்டேன். மார்பில் சின்னக் கட்டி. ஆரம்பத்திலேயே வெட்டி எடுத்திருக்கலாம். எட்டு மாசம் சுகமளிக்கும் கூட்டம், உபவாச ஜெபம், எண்ணெய் பூசுதல் என்று அலைந்தார்கள். புதுவருஷ ஆராதனையில் எடுத்த, வேதவசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையில் நீடித்த ஆயுசு என்று வந்ததாம். அதைப் பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தார்கள். கடைசியில் போனபோது எலும்பு வரைக்கும் பரவியிருந்தது. அடக்க ஆராதனை முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் வைத்தே அதே சபைக்காரர் ஒருவர் சொன்னார், "கடைசி நேரத்துல கொஞ்சம் அவிசுவாசம் வந்துட்டு அவளுக்கு." சித்தப்பா காதில் விழும்படி சொன்னார். பதினோரு வருஷம் ஆகிறது. இன்னும் எனக்கு ஆறவில்லை.

ஜெபத்தால் நோய் தீருமா என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆறு ஆஸ்பத்திரிகளில், இருதயத்தில் பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்ட 1802 பேரை வைத்து நடந்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. அதற்குப் பெரும்பகுதிப் பணம் கொடுத்தது, ஆன்மிகத்துக்கு ஆதரவான டெம்பிள்டன் அறக்கட்டளை. ஜெபிக்கப்படுமா இல்லையா என்று தெரியாமல் இருந்தவர்களில், ஜெபம் கிடைத்தவர்களில் 52 சதவீதம் பேருக்கும் கிடைக்காதவர்களில் 51 சதவீதம் பேருக்கும் ஆபரேஷனுக்குப் பிறகு சிக்கல் வந்தது. உங்களுக்காக நிச்சயம் ஜெபிக்கிறோம் என்று சொல்லப்பட்டவர்களில் 59 சதவீதம். இருதயக்காரர்களை வைத்தே பார்த்துவிட்டார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

கொழும்பில் இருந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், கேரளத்து மார்த்தோமா சபைப் பாதிரியார் ஒருவரின் பிள்ளை. ஏமாற்ற வழியில்லாத ஏற்பாட்டில் ஒரே ஒரு அற்புதத்தைச் செய்துகாட்டினால் ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் சவால் விட்டார். 1978இல் சாகும்வரை அந்தப் பணத்தை எந்த மதத்துக்காரரும் வாங்கவில்லை.

சட்டமும் இருக்கிறது. தாயத்து, மந்திரம், கவசம் போன்றவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வது 1954ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். வாயால் அறிவித்தாலும் விளம்பரம்தான். பட்டியலில் புற்றுநோயும் உண்டு, நீரிழிவும் உண்டு. முதல் தடவைக்கு ஆறு மாசம் வரை ஜெயில். ஜெபம் அதற்குள் வருமா வராதா என்று வக்கீல்கள் வாதாடட்டும். ஆனால் "குருடர் பார்ப்பார், முடவர் நடப்பார்" என்று பஸ் ஸ்டாண்டு சுவர் முழுக்க ஒட்டிவிட்டு மைதானத்தில் மேடை போடும்போது, அதே மேடையில் எம்எல்ஏ பொன்னாடை வாங்குகிறார், போலீஸ் டிராஃபிக்கைத் திருப்பிவிடுகிறது. கேள்வி கேட்க ஒரு அதிகாரி இல்லை. ஓட்டு போய்விடுமாம்.

இதில் எனக்குத் தாங்க முடியாதது என்ன தெரியுமா? இந்த மண்ணில் ஏழைகளுக்கு நவீன வைத்தியத்தைக் கொண்டுவந்ததில் பெரிய பங்கு கிறிஸ்தவர்களுடையது. கன்னியாகுமரிப் பக்கத்து நெய்யூரில் லண்டன் மிஷன் 1838இலேயே வைத்தியம் தொடங்கியது. எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல் என்ற சர்ஜன், 1922 பயணம் முடிந்து நெய்யூரைப் பார்க்க வந்தவர், நோயாளிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே வேலைக்கு வந்துவிட்டார். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பெண்கள் பிரசவத்தில் செத்ததைப் பார்த்த ஐடா ஸ்கடர், மிஷனரி வீட்டுப் பெண், ஜெபத்தோடு நிறுத்தவில்லை. கடல் தாண்டிப் போய் டாக்டருக்குப் படித்து, 1900இல் வேலூரில் வைத்தியத்தைத் தொடங்கினார். அவர்கள் கடவுளை நான் நம்பவில்லை. ஆனால் அவர்கள் கத்தியையும் மருந்தையும் கையில் எடுத்தார்கள். வேதத்திலேயே லூக்காவுக்குப் "பிரியமான வைத்தியன்" என்று பெயர். அந்தப் பரம்பரையில் வந்த சனங்களை மாத்திரையைத் தூக்கிப் போடச் சொல்லும் ஆட்களிடம் விட்டுவிட்டோமே!

ஆமாம், மாத்திரை. கூட்டம் முடியும்போது பாஸ்டர் அத்தான் தலையில் கைவைத்துச் சொன்னார்: "இனி நீர் மருந்துக்கு அடிமை இல்ல, தகப்பனுக்குப் பிள்ளை." நான் மைக் பக்கம் போனேன். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "ஏல, சபைக்கு முன்னால மானத்த வாங்காதல." நின்றுவிட்டேன். நின்றிருக்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமை போனேன். மாத்திரை அட்டையை எண்ணினேன். திங்களும் செவ்வாயும் அப்படியே இருந்தன. அத்தான் தலையைக் குனிந்துகொண்டு, "விசுவாசத்துல நிக்கணும்லா மாப்ள" என்றார். அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். நாற்பத்தெட்டு வயசு மனுஷன், ரெண்டு பிள்ளைகள், ஸ்டென்ட் வைத்து இருபத்தாறு நாள்.

முழுங்க வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். இப்போது தினமும் காலை எட்டு மணிக்கு வீடியோ கால். அட்டையைக் கேமரா பக்கம் காட்டச் சொல்கிறேன், தண்ணீர் குடித்து வாயைத் திறந்து காட்டச் சொல்கிறேன். அக்காவுக்கு என்மேல் கோபம், பேசுவதில்லை. பேசாமல் இருக்கட்டும். இன்னும் பதினோரு மாசம் நான் கூப்பிடத்தான் செய்வேன்.