பரிசுத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும்

வெளிநாட்டிலிருந்து வரும் மருமகன், உசிலம்பட்டி மாமனாருக்கு, நெம்புகோலை இயக்கித் தோட்டா ஏற்றும் லீவர் ஆக்‌ஷன் வேட்டைத் துப்பாக்கியைப் பரிசாகக் கொண்டுவந்தால் உரிமம் தேவையில்லை என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது தவறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கியை இறக்குமதி செய்யவும் வைத்திருக்கவும் உரிமம் கட்டாயம். பரிசு என்பதற்காக விலக்கு இல்லை. வேட்டையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். நாகமலை அடிவாரத்தில் முயலைச் சுட்டாலும் வழக்குதான்.

அமெரிக்காவிலேயே உள்ள உறவினருக்குத் தருவதானாலும், எந்தத் தோட்டாவையும் போடலாம் என்ற அந்த நண்பரின் அடுத்த யோசனை அதைவிட ஆபத்தானது. வின்செஸ்டர் 1894 போன்ற லீவர் துப்பாக்கிகளில் தோட்டாக்கள் குழலுக்கு அடியிலுள்ள நீண்ட குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால், பின்னால் உள்ளதன் கூரிய உலோகமுனை முன்னால் உள்ளதன் பிரைமரில் (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் பின்பகுதியில்) நேராக முட்டி, அதிர்வில் உள்ளேயே வெடிக்கக்கூடும். தட்டைமுனைத் தோட்டாவையோ, இத்தகைய குழாய்க்கென்றே மென்முனையுடன் செய்யப்பட்டதையோ மட்டுமே தயவுசெய்து பரிந்துரையுங்கள்.