ஸ்டூல் மேல புடவை இருந்துச்சு

போன வாரம் தி.நகர்ல நாத்தனார் பொண்ணு கல்யாணத்துக்கு வச்சுக் குடுக்கற புடவை எடுக்கப் போனோம். நானு, அத்தை, நாத்தனார். எந்தக் கடைன்னு கேக்காதீங்க, அது முக்கியம் இல்ல. "உக்காருங்கக்கா"ன்னு ஒரு பொண்ணு சொல்லுச்சு, நாங்க மூணு பேரும் உக்காந்தோம், அது நின்னுச்சு. எடுக்க வேண்டியது பன்னெண்டு, நாப்பதாவது பிரிச்சுப் போட்டிருக்கும், "மயில் கழுத்துக் கலர்ல இருக்கா", "அந்த அடியில இருக்கறத உருவும்மா"ன்னு நாங்க கேக்கக் கேக்க எடுத்துட்டே இருந்துச்சு. நான் பாதி நேரம் போன்லதான்.

இதுல காமெடி என்னன்னா நான் ஜனவரில இருந்து தியான ஆப் வச்சிருக்கேன், தெனம் காலைல பத்து நிமிஷம் மூச்சைக் கவனிக்கணும், மைண்ட்ஃபுல்னஸாம். கரெக்டா அந்த நேரம் பாத்து "இந்த நொடியில் இருங்கள்"னு நோட்டிஃபிகேஷன். தலையைத் தூக்கினா அந்தப் பொண்ணு ஒரு பாதத்தால இன்னொரு கெண்டைக்காலைத் தேச்சுக்கிட்டு கொக்கு மாதிரி நிக்குது, கொஞ்ச நேரத்துல கால் மாத்துது, கை அது பாட்டுக்கு முந்தானையை விரிச்சுக் காட்டுது. ஒன்றரை மணி நேரமா ரெண்டடி தள்ளி நிக்கற புள்ளைய நான் பாக்கவே இல்லைங்க. மூச்சை மட்டும் நல்லாக் கவனிக்கறேன்.

"உக்காந்து காமிம்மா"ன்னேன். "பரவால்லக்கா"ன்னு சிரிச்சுட்டு கண்ணை மட்டும் அந்தப் பக்கம் ஓட்டுச்சு, அங்க சூப்பர்வைசர்.

கடைல வேலை பாக்கறவங்களுக்கு உக்கார இருக்கை குடுக்கணும்னு நம்ம ஊர்ல 2021லயே சட்டம் வந்தாச்சு, 1947 கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல திருத்தம் பண்ணி. கேரளாவுல அதுக்கு முன்னாடியே, 2018ல. அங்கயும் யாரும் சும்மா தூக்கிக் குடுத்துடல, கோழிக்கோட்டுல தையல் வேலை பாத்துட்டிருந்த விஜியும் அவங்க பெண்கூட்டு அமைப்பும் மொதல்ல பாத்ரூமுக்காகப் போராடி அப்புறம் உக்கார்றதுக்காகப் போராடி வாங்கினது. யோசிச்சுப் பாருங்க, உக்கார்றதுக்கு ஒரு போராட்டம்!

இந்தக் கடைலயும் ஸ்டூல் இருந்துச்சு. அது மேல நாங்க வேணாம்னு தள்ளின புடவையெல்லாம் குவிஞ்சு கெடந்துச்சு. அந்த சூப்பர்வைசரைத் திட்டறது ஈஸி, ஆனா நாம உள்ள நுழையறப்ப சேல்ஸ் கேர்ள் உக்காந்திருந்தா "என்ன இது, மதிக்கவே மாட்டேங்குது"ன்னு மொதல்ல மூஞ்சி சுளிக்கறது யாரு, நாமதான. நானும் ஒரு தடவை சுளிச்சிருக்கேன், வேற கடைல, அது இப்பதான் ஞாபகம் வருது.

அத்தை முப்பது வருஷம் டீச்சரா நின்னவங்க, காலெல்லாம் நரம்பு சுருண்டு கெடக்கும். "எத்தன மணிக்கும்மா வந்த?"ன்னு கேட்டாங்க. "ஒம்பதரைக்கு ஆன்ட்டி." அப்ப மணி சாயங்காலம் ஆறு. அதுக்கப்புறம் அத்தை கலரும் பாக்கல பார்டரும் பாக்கல, மேல இருந்ததுல பன்னெண்டை எண்ணித் தனியா வச்சாங்க, நாத்தனாருக்கு செம கடுப்பு, இன்னும் என்கிட்ட சரியா பேசல. அப்புறம் ஸ்டூல் மேல இருந்த புடவைகள எடுத்து மடியில போட்டுக்கிட்டு ஒவ்வொண்ணா மடிக்க ஆரம்பிச்சாங்க, "நீ செத்த உக்காரு, அவர் கேட்டா நான் சொல்லிக்கறேன்"ன்னுட்டு. அந்தப் பொண்ணு ஓரமா, பாதி ஸ்டூல்ல, எந்திரிக்க ரெடியாவே உக்காந்துச்சு. ரெண்டு நிமிஷம் இருக்கும்.

அத்தை மடிச்சது ஒண்ணு கூட கடை மடிப்பு இல்ல. நாங்க கெளம்பினதும் அது எல்லாத்தையும் பிரிச்சு மறுபடி மடிச்சிருக்கும், நின்னுக்கிட்டே.