ஒரு நம்பர் எழுதி வைக்கக் கையா வலிக்கிறது?

சனிக்கிழமை சாயங்காலம், பிரிக்ஃபீல்ட்ஸ், மறுபடியும் என் வண்டியை அடைத்துக்கொண்டு இன்னொரு வண்டி. வெள்ளை நிறம், பளபளவென்று கழுவி வைத்திருக்கிறார்கள். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம், கோலாலம்பூரில் வண்டி ஓட்டுகிற யாருக்கும் வேண்டாம். முன்கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தேன். டேஷ்போர்டில் பிள்ளையார் இருக்கிறார். வாசனைப் புட்டி இருக்கிறது. டிஷ்யூ டப்பா இருக்கிறது. கைப்பேசி நம்பர் மட்டும் இல்லை!

டபுள் பார்க்கிங்குக்காக நான் சண்டைக்கு வரவில்லை. இடம் இல்லை, எனக்கும் தெரியும். 1881இல் தீயிலும் வெள்ளத்திலும் கோலாலம்பூர் அழிந்துபோன பிறகு, இனிமேல் செங்கல்லில் கட்டுங்கள் என்று சொல்லி, சூளை போட்ட பேட்டை இது. அப்புறம் ரயில்வேக்காரர்கள் குடியிருந்தார்கள். அந்தக் காலத்துத் தெருவில் இந்தக் காலத்து வண்டிகளைக் கொண்டுபோய் நிறுத்தினால் எங்கே இடம் இருக்கும்? போடுங்கள். மறித்தே போடுங்கள். ஆனால் ஒரு நம்பர் எழுதி வைத்துவிட்டுப் போங்கள் என்கிறேன்.

யாரும் சட்டம் போட்டு உண்டாக்கிய வழக்கம் இல்லை இது. மறித்து நிறுத்துவதைத்தான் சட்டம் குற்றம் என்கிறது. ஆனாலும் இந்த ஊர் மக்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். அட்டையைக் கிழித்து நம்பரை எழுதிக் கண்ணாடிக்குள் வைத்தார்கள். செந்தூல் பக்கத்து அடுக்குமாடிகளில் பார்த்தால் ஹேண்ட்பிரேக்கை இறக்கி, கியரை ஃப்ரீயில் விட்டுவிட்டுப் போவார்கள். விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர் அந்த வண்டியைக் கையால் தள்ளி வழி பண்ணிக்கொண்டு தன் வண்டியை எடுப்பார். முன்பின் தெரியாத ஒருவர் என் வண்டியில் கை வைத்துத் தள்ளட்டும் என்று விட்டுவிட்டுத் தூங்கப் போவது எவ்வளவு பெரிய நம்பிக்கை! இப்போது வருகிற பல வண்டிகளில் பிரேக்கே பட்டனாகிவிட்டது, தள்ள முடியாது. சரி, அது வண்டி செய்தவர்கள் வேலை. நம்பர் எழுதுவதை யார் தடுத்தார்கள்?

அந்தத் துண்டு அட்டை என்ன சொல்கிறது தெரியுமா? "உன் வழியை மறித்திருக்கிறேன். நீ வருவாய் என்று தெரியும். உனக்கும் போக வேண்டிய இடம் இருக்கும். கூப்பிடு, வந்துவிடுகிறேன்." பத்துப் பதினோரு எண்களுக்குள் இவ்வளவும் இருக்கிறது. கூப்பிடுகிறவரும் தன் பங்குக்குக் கோடு கிழிக்காமல், டயரில் காற்றைப் பிடுங்காமல், "ஹலோ, வண்டி எடுக்கணும்" என்கிறார். தத்துவத்தில் இதற்குப் பெரிய பெயர் உண்டு. ஒருவரையொருவர் ஏற்று மதிப்பது என்று ஜெர்மன் தத்துவஞானி ஹெகல் 1807இல் பக்கம் பக்கமாக எழுதினார். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பலிக்காது என்பதுதான் அதில் முக்கியம். நான் உன்னை மனிதனாகக் கணக்கில் வைக்கிறேன், நீயும் என்னை அப்படி வைக்கிறாய், நாம் இருவரும் இப்படி இருக்கிறோம் என்பது இருவருக்கும் தெரியும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் நான் நானாகவே இருக்க முடியும் என்றார். படிக்கக் கடினமான புத்தகம்தான். ஆனால் அதில் உள்ள இந்த ஒரு விஷயத்தைக் கோலாலம்பூரில் பள்ளிக்கூடம் போகாத பாட்டாளிகள் அட்டையில் எழுதி வைத்துப் போனார்கள்!

இனி அந்த மனிதர் வந்த விதத்தைச் சொல்கிறேன்.

நான் போட்டிருந்தது காசு கட்டிப் போட்ட இடம். அம்மா உள்ளே உட்கார்ந்திருந்தார், முட்டி வலி, நேரமாக நேரமாகக் காலை நீட்ட முடியாமல் முனகிக்கொண்டிருந்தார். ஹாரன் அடித்தேன். யாரும் வரவில்லை. பார்க்கிங் நேரம் முடியப்போகிறது என்று கைப்பேசி எச்சரித்தது. வெளியே எடுக்க விடாமல் இன்னொருவர் அடைத்து வைத்திருக்கும் இடத்துக்கு நான் மறுபடியும் காசு கட்டினேன். இதைப் படிக்கிறவர்கள் ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். மறித்தவர் கட்டவில்லை. மறிக்கப்பட்ட நான் கட்டினேன்.

அப்புறம் அவர் வந்தார். ஓடி வரவில்லை. நடந்து வந்தார். விரலில் தே ஆயிஸ், அதாவது ஐஸ் போட்ட பால் தேநீர்ப் பொட்டலம் தொங்குகிறது, இன்னொரு கையில் கைப்பேசி. தூரத்திலிருந்தே சாவியை அமுக்கினார். வண்டி கீக் என்று கத்தி இரண்டு விளக்கையும் சிமிட்டியது. வண்டி பார்த்தது, அவர் பார்க்கவில்லை. நான் அவருடைய கதவுக்கு நேரே நிற்கிறேன். நேரே! கதவைத் திறக்க வேண்டுமானால் என்னைச் சுற்றித்தான் போக வேண்டும். சுற்றினார். என் தோளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருந்த இடத்தில் உடம்பைச் சாய்த்து, தே பொட்டலம் என்மேல் படாமல் கையை உயர்த்தி, பக்குவமாக உள்ளே போய் உட்கார்ந்தார். பொட்டலத்தைத் தொங்கவிட இடம் தேடினார். கண்டுபிடித்தார். பெல்ட் போட்டார். ஏசியைக் கூட்டினார். பாட்டை மாற்றினார். நான் நின்றுகொண்டே இருக்கிறேன். கிளம்பும்போது இடது கையைக் கொஞ்சம் தூக்கினார்.

அந்தக் கையைப் பற்றிப் பேசாமல் விட மாட்டேன். அது மன்னிப்பு இல்லை. மன்னிப்புக் கேட்கிற கை முகத்தோடு சேர்ந்து வரும். நன்றியும் இல்லை. நன்றி சொல்கிற கை ஒரு தலையசைப்போடு வரும். கண் வேறு பக்கம் இருக்க, உதடு பாட்டுக்கு அசைய, கை மட்டும் தன்னால் எழுந்து தன்னால் விழுந்தது. எதிரில் தூண் நின்றிருந்தாலும் அது அப்படித்தான் எழுந்திருக்கும். ஒரு காலத்தில் அந்தக் கைக்குப் பின்னால் ஆள் இருந்தார். கை மட்டும் மிஞ்சிவிட்டது, ஆள் போய்விட்டார்.

கத்தினேன். ஆமாம், கத்தினேன். அம்மா "விடும்மா, விடும்மா" என்றார். பக்கத்துச் சாப்பாட்டுக் கடை அண்ணன் வெளியே வந்து ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள், அதுதான் என்னை இன்றுவரை தூங்கவிடவில்லை.

"கேஎல்ல இதெல்லாம் சகஜம் டீச்சர். பழகிக்கணும்."

யார் பழகிக்கொள்ள வேண்டும்? நானா? மறித்தவருக்கு நம்பர் எழுதும் பழக்கத்தைச் சொல்லிக் கொடுக்க இந்தத் தெருவில் ஓர் ஆள் இல்லை, மறிக்கப்பட்டவளுக்குப் பொறுமைப் பழக்கத்தைச் சொல்லிக் கொடுக்க உடனே ஆள் வந்துவிடுகிறது! பழகிக்கொள் என்று எப்போதும் காத்திருக்கிறவரிடம்தான் சொல்கிறார்கள். வரிசையில் நிற்கிறவரிடம்தான் சொல்கிறார்கள், புகுந்து போகிறவரிடம் சொல்வதில்லை. எஜமானும் அடிமையும் என்று ஹெகல் எழுதிய பகுதி இதுதான். ஒருவர் மதிக்கப்படுவார், மதிக்க மாட்டார். இன்னொருவர் மதிப்பார், மதிக்கப்பட மாட்டார். அந்த எஜமானுக்குக் கிடைப்பதும் உருப்படியான மதிப்பு இல்லை என்று ஹெகல் முடிக்கிறார், ஏனென்றால் தான் ஆளாகவே கருதாத ஒருவரிடமிருந்து அது வருகிறது. அந்த வெள்ளை வண்டிக்காரருக்கு இது உறைக்கவா போகிறது?

பழக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. நியாயமான காரியங்களைச் செய்து செய்துதான் ஒருவன் நியாயமானவன் ஆகிறான் என்று அரிஸ்டாட்டில் சொன்னதை நம்புகிறவள் நான். தமிழ்ப்பள்ளியில் நன்னெறிக் கல்வி சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறேன், நம்பாமல் எப்படி? சமூகம் சுழல்வதற்கே பழக்கம்தான் கனத்த சக்கரம் என்று அமெரிக்கத் தத்துவஞானி வில்லியம் ஜேம்ஸ் 1890இல் தன் உளவியல் நூலில் எழுதினார். ஹெகலின் சட்டத் தத்துவ நூல் 1820இல் வெளிவந்தது, அட்டையில் 1821 என்று போட்டிருக்கும். அதில் வகுப்புக் குறிப்புகளிலிருந்து பின்னால் சேர்த்த ஒரு பகுதி எனக்கு மிகவும் பிடிக்கும். இரவில் தெருவில் பத்திரமாக நடந்து போகிறவனுக்கு, இது வேறு மாதிரியும் இருக்கலாம் என்று தோன்றுவதே இல்லை. பத்திரமாக இருப்பது அவனுக்கு இரண்டாவது இயல்பாகிவிட்டது. அரசைக் கட்டி நிறுத்துவது வெறும் பலம்தான் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், உண்மையில் ஒழுங்கு பற்றி எல்லாருக்கும் உள்ளே இருக்கும் அந்த உணர்வுதான் கட்டி நிறுத்துகிறது என்கிறார். நம்பர் எழுதி வைத்த காலத்தில் நமக்கும் அப்படித்தான் இருந்தது. கூப்பிட்டால் ஆள் வருவார் என்பதை யாரும் நினைத்துப் பார்த்ததே இல்லை. நினைத்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாததுதான் அதன் அழகு.

ஆனால் இதே ஹெகல் இன்னொன்றும் சொன்னார். வாழ்க்கைக்கு முழுசாகப் பழகிப்போய் மனமும் உடம்பும் மழுங்கிவிட்டால் மனிதன் பழக்கத்தாலேயே செத்துப்போகிறான் என்றார். பழக்கம் வந்தால் ஒவ்வொன்றையும் யோசிக்க வேண்டியதில்லை, அதுதான் அதன் வரம். யோசிக்கவே தேவையில்லை என்றானதும், எதிரில் நிற்பது யார் என்று பார்ப்பதும் நின்றுவிடுகிறது. மறித்து நிறுத்துவது பழகிவிட்டது. அதற்குத் துணையாக இருந்த அட்டை உதிர்ந்துவிட்டது. இடையூறு மட்டும் இரண்டாவது இயல்பாகிவிட்டது. கடை அண்ணன் இதற்குத்தான் என்னையும் பழகச் சொல்கிறார். நான் பழகினால் அது முழுமையாகிவிடும். அதனால்தான் பழக மாட்டேன் என்கிறேன்.

தெருவில் போகிற எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. முன்பின் தெரியாதவர்கள் லேசாகப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொள்வதே ஒரு மரியாதை என்று சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1963இல் எழுதினார். நீ இருப்பது தெரியும், உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன் என்று அதற்கு அர்த்தம். எல்ஆர்டி ரயிலில் தினமும் அப்படித்தான் நிற்கிறோம், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த லேசான பார்வையாவது வேண்டாமா? ஒருவர் இருப்பதைத் தெரிந்துகொண்டே, அவர் அங்கே இல்லாதது போல அவரைத் தாண்டிப் பார்ப்பதைப் பற்றி ஜெர்மன் தத்துவஞானி ஆக்ஸல் ஹொன்னெத் எழுதியிருக்கிறார். அது கவனக்குறைவு இல்லை, செய்கிற காரியம். அந்த மனிதர் என்னைச் சுற்றி வளைந்து போனாரே, நான் நிற்பது தெரியாமலா வளைந்தார்? தெரிந்தது. தே பொட்டலம் படாமல் கையைத் தூக்கும் அளவுக்குத் தெரிந்தது! சமூகத்தின் நடுவிலேயே ஒருவரை விட்டு, யாருமே அவரைக் கண்டுகொள்ளாமல் இருப்பதைவிடக் கொடூரமான தண்டனை இல்லை என்று அதே ஜேம்ஸ் அதே நூலில் எழுதினார். அந்த மாதிரி உலகில், நாம் இருக்கிறோம் என்று காட்டிக்கொள்ள அடி வாங்கினாலும் பரவாயில்லை என்று தோன்றிவிடுமாம். எனக்கு அந்த நிமிடத்தில் அது புரிந்தது. அவர் திரும்பி இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

மேல்நாட்டார் சொன்னதையே சொல்வானேன். மோந்தால்தான் அனிச்சம் குழையும், முகம் திரிந்து நோக்கினாலே விருந்தினர் குழைந்துவிடுவார் என்ற குறளை நம் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். திரிந்த முகமே அப்படி என்றால் திரும்பாத முகத்தை என்ன சொல்வது? பள்ளிச் சபைகூடலில் எல்லாரும் ருக்குன் நெகாரா என்கிற நாட்டுக் கோட்பாட்டைச் சொல்கிறோம். 1969 இனக் கலவரத்துக்குப் பிறகு, இனி எப்படிச் சேர்ந்து வாழ்வது என்று யோசித்து 1970இல் கொண்டு வந்தது. ஐந்தாவது கோட்பாடு நன்னடத்தையையும் ஒழுக்கத்தையும் பேணுதல். தொண்டை கிழியச் சொல்கிறார்கள் பிள்ளைகள். மணியடித்ததும் வாசலுக்கு ஓடுகிறார்கள். அங்கே அப்பா அம்மா இரண்டு வரிசை, மூன்று வரிசையாக மறித்துப் போட்டுவிட்டு, நம்பர் வைக்காமல், எங்கேயோ நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். எது பழக்கமாகும்? நான் கரும்பலகையில் எழுதியதா, வாசலில் பார்த்ததா? என் வேலையை நீங்கள் எல்லாரும் சேர்ந்து வாசலில் வைத்து அழிக்கிறீர்கள்!

"இவ்வளவு சின்ன விஷயத்துக்கா டீச்சர்?" என்று கேட்பீர்கள். சின்ன விஷயம்தான். சேர்ந்து வாழ்வது வேறு எதில் இருக்கிறது? ஆண்டுக்கு ஒருமுறை திறந்த இல்ல உபசரிப்பில் எல்லா இனமும் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்வதில் மட்டுமா? ஓர் அட்டை, ஒரு பேனா. அடிக்கிற போனை எடுங்கள். வரும்போது முகத்தைப் பாருங்கள். "சாரிக்கா" என்று சொல்லுங்கள். நானும் "பரவாயில்ல தம்பி" என்றுதான் சொல்வேன். என் வாயில் அது தயாராக இருக்கிறது, யாரும் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறீர்கள்.

அப்புறம் இன்னொன்று, இதையும் இப்போதே கேட்டுவிடுகிறேன். இந்தச் சாப்பாட்டுக் கடைகளில் பார்சல் சாம்பாருக்கு ரப்பர் பேண்டை ஏன் இப்படிச் சுற்றுகிறார்கள்? யார் திருடப் போகிறார்கள் அந்தச் சாம்பாரை? நகத்தால் அவிழ்க்க முடியவில்லை, பல்லால் கடிக்க முடியவில்லை, கத்தரிக்கோலை வைத்தால் பை கிழிந்து மேசையெல்லாம் ஓடுகிறது. தோசை ஆறிப்போய்விட்டது. அம்மா சர்க்கரையைத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார், அவருக்குச் சர்க்கரையே ஆகாது.