ட்வின்ஸ் விற்கப்படவில்லை

மினசோட்டா ட்வின்ஸ் ஓர் அமெரிக்க பேஸ்பால் அணி; அதன் உரிமையாளர் போலாட் குடும்பம். "போலாட் குடும்பம் மினசோட்டா ட்வின்ஸை விற்றுவிட்டது, புது முதலாளி பெயரைத்தான் மறைக்கிறார்கள்" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. 2024 அக்டோபரில் அவர்கள் அறிவித்தது, விற்கும் வாய்ப்பை ஆராயப்போகிறோம் என்பது மட்டுமே. வாங்குவார் என்று பலமாகப் பேசப்பட்ட ஜஸ்டின் இஷ்பியா, 2025 பிப்ரவரியில் சிகாகோவின் பேஸ்பால் அணியான ஒயிட் சாக்ஸில் தன் பங்கைக் கூட்டிக்கொள்ளப் போய்விட்டார். அப்புறம் ஆகஸ்டில், அணி எங்களிடமே இருக்கும் என்று குடும்பமே சொல்லிவிட்டது. உள்ளே வந்தது சிறுபான்மைப் பங்குதாரர்கள், அதாவது பாதிக்கும் குறைவான பங்கு வைத்திருப்பவர்கள். அணிக் கடனைக் குறைக்க அவர்கள் பணம் உதவும்; கடிவாளம் போலாட் கையில்தான். 1984 முதல் அப்படித்தான். ரசிகர்களுக்கு இது கசப்பு, புரிகிறது. ஆனால் கசப்பு வேறு, தகவல் வேறு.

இன்னொன்று: பேரம் முடிந்தாலே கைமாறிவிடாது. மேஜர் லீக் பேஸ்பாலின் முப்பது அணி உரிமையாளர்களில் முக்கால்வாசிப் பேர், அதாவது 23 பேர், ஒப்புதல் தர வேண்டும். 2020இல் நியூயார்க் அணியான மெட்ஸை வாங்கிய ஸ்டீவ் கோஹனுக்கே 26-4 என்று வாக்கெடுப்பு நடந்த பிறகுதான் அணி கிடைத்தது. இன்னொரு அணியான ஏஞ்சல்ஸின் உரிமையாளர் ஆர்ட்டி மொரேனோவும் 2022 ஆகஸ்டில் விற்பனைப் பேச்சை எடுத்து, அடுத்த ஜனவரியிலேயே பின்வாங்கியவர்.